நாலு பேரும் வந்தாச்சு

மூன்றாவது கேட்டை அவள் சாத்தவில்லை. ஆனாலும் அது சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. நனைந்த மரம் மரத்தில் போய்ப் பொருந்தும் மொத்தென்ற ஓர் ஒலி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, இரும்புக் கொண்டி வளையத்துக்குள் விழும் ஒரு ‘ணங்’. மதியத்திலிருந்து இரண்டு கேட்டுகளில் தன் கையாலேயே எழுப்பிய சத்தம்தான், அதனால் சந்தேகப்பட வழியில்லை. வலது பக்கம் ஆறு இரைந்துகொண்டிருந்தது, தலைக்கு மேலே காலையில் பெய்த மழை இலைக்கு இலை சொட்டிக்கொண்டிருந்தது, இத்தனைக்கும் நடுவில் அந்தச் சத்தம் மட்டும் தனியாக, சுத்தமாக, நூலில் முடிச்சு இறுகுவதுபோல் காதில் இறுகியது.

காற்று, என்று சொல்லிக்கொண்டாள். காற்று கதவைத் தள்ளும். கொண்டியைத் தூக்கி மாட்டுமா?

“என்னடி நின்னுட்ட?” என்றாள் அவள் கையைப் பிடித்திருந்த அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. ஷூவுக்குள்ள தண்ணி.”

அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர்கள் நாலு பேர். முன்னால் போகிறவர் அத்தான், அக்காவின் கணவர். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். காட்டுப் பாதையிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாற்போல இரண்டு கையையும் சற்றே தூக்கி வைத்துக்கொண்டுதான் நடப்பார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், எல்லோருக்கும் கம்பவுண்டர். அவர் பையில் தின்பதற்கு ஒன்றும் இருக்காது, தலைவலியிலிருந்து தேள்கடி வரை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கும். மூன்றாவதாக அக்கா. கடைசியில் அவள். வீட்டு முன்னறையில் ஒற்றை மெஷினை வைத்துத் துணி தைக்கிறவள். அத்தான் அவளைக் கூப்பிடுவதே ‘தையல்’ என்றுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஏதாவதொரு ஆற்றோரத்தில், ஏதாவதொரு காட்டுக்குள் நடந்துவிட்டு வருவது ஒன்பது வருஷப் பழக்கம். மலை ஏறுவதெல்லாம் கிடையாது. மெதுவாக நடப்பது, ஒரு மரத்தடியில் பிளாஸ்கைத் திறப்பது, பழைய சண்டைகளைப் புதிதாகப் போடுவது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. அக்காவுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதில் ஐந்து மாதம் அது நின்றுபோயிருந்தது. இன்றைக்கும் அக்கா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். “சும்மா உக்காந்தா முட்டி துருப்பிடிச்சிடும், நான் இருக்கேன் வா” என்று கிளப்பிக்கொண்டு வந்தவள் இவள்தான். கிளம்பும்போது அக்காவின் மகள் வாசல்வரை வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாவ முழுசா கூட்டிட்டு வந்துடுவீங்கல்ல சித்தி?”

“என் பொறுப்பு. ஒரு பொத்தான்கூடக் குறையாம கொண்டாந்து சேக்கறேன் போ.”

அக்கா போட்டிருந்த பழுப்புக் கோட்டு இவள் தைத்ததுதான். ஆறு பொத்தான். அதில் நாலாவது தொலைந்துபோய், அளவு சரியாகவும் நிறம் வேறாகவும் ஒரு பொத்தானை இவள்தான் வைத்துக் கொடுத்திருந்தாள்.

எப்போதும் அத்தானே ஓட்டும் கம்பவுண்டரின் காரைக் காலையிலேயே பள்ளத்தாக்கின் கீழ்முனையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து மேல்முனைக்கு வந்து, ஆற்றோடு கீழே இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வழியில் ஏழு கேட் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. கேட் வந்தால் அவர்களிடம் ஒரு முறை உண்டு. அது அத்தான் வைத்த முறை.

“வண்டி ஓட்டறவன் முன்னாலதான் பாக்கணும். பின்னால பாக்கத்தான் கண்டக்டர் இருக்கான். கதவு சாத்தியாச்சுன்னு குரல் வந்தா எடுத்துட்டுப் போயிட்டே இருக்கணும்.”

ஆகவே கடைசியில் வருகிறவள் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, “சாத்தியாச்சு!” என்று கூவ வேண்டும். அத்தான் திரும்பிப் பார்க்காமலே, “நாலு பேரும் வந்தாச்சு!” என்று பதில் கூவுவார். அதுதான் அவர்களுடைய தலை எண்ணிக்கை. கண்ணால் எண்ணுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஒன்பது வருஷமாகக் குரல் பொய்த்ததும் கிடையாது.

மூன்றாவது கேட்டைத் தாண்டியதும் தரை சேறாகக் கிடந்தது. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, தாண்டிப் போன அக்கா நாலடியில் வழுக்கினாள். இவள் கேட்டைப் போட்டது போட்டபடி ஓடிப் போய் அவளைத் தாங்கினாள். தாங்கிய இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் கேட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுபடி அந்தச் சேற்றில் இறங்க வேண்டும். முன்னால் அத்தான் பொறுமையில்லாமல் கனைத்தார்.

“சாத்தியாச்சு!” என்று கூவினாள். பாவம், அவ்வளவுதான் அவள் செய்தது.

“நாலு பேரும் வந்தாச்சு!”

அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

“ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றார் கம்பவுண்டர், நடந்துகொண்டே. “மேல இருந்து ஒரு மாடு பாக்கல. சாணி இல்ல, குளம்படி இல்ல. மாடே இல்லாத காட்டுல எதுக்குய்யா இத்தனை கேட்டு? அதுவும் பாரு, எண்ணெய் போட்டு, பெயின்ட் அடிச்சு.”

“கேட்டு இருக்கறதாலதான்யா மாடு இல்ல” என்றார் அத்தான். “உன் கடையில மருந்து இருக்கறதால நோயாளி இல்லாம போன மாதிரி.”

அக்கா சிரித்தாள். அவள் கைத்தடியின் அடி ரப்பர் போன வாரம் கழன்றுபோயிருந்ததால் கல்லில் படும்போதெல்லாம் டக், டக் என்று பேசிக்கொண்டு வந்தது. “தடிய வலது கையில பிடிங்கம்மா, வலது கையில” என்று கம்பவுண்டர் நூறாவது தடவையாகச் சொன்னார். “வலி இடதுன்னா தடி வலது. அதான் முறை.”

“தெரியுது, தெரியுது. வலதுலதான் இருக்கு. கண்ணாடிய மாத்துங்க மொதல்ல.”

எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. அவள் தான் நடப்பதை நிறுத்தி ஒரு நொடி காது கொடுத்தாள். சொட்டு, சொட்டு, சொட்டு. ஆறு. வேறொன்றுமில்லை. ஆனால் பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

நாலாவது கேட்டுக்கு வரும்போது ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து பாதைக்குக் குறுக்கே படுத்திருந்தது. இந்தத் தடவை அவள் ஒழுங்காகச் செய்தாள். கேட்டைத் தள்ளிச் சாத்தினாள், கொண்டியை வளையத்தில் போட்டாள், ஆட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் ஆட்டிப் பார்த்தாள். தைத்த தையலை இழுத்துப் பார்க்கிறவளின் கை அது. திரும்பிப் பத்தடி நடந்து, மூச்சை இழுத்து, கூவுவதற்காக வாயைத் திறந்தாள்.

“சாத்தியாச்சு!”

அவள் கூவவில்லை.

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவளுடைய குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே இழுத்து விடுகிற அந்தப் பழக்கத்தோடு. போனில் பதிவான தன் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கே பிடிக்காத அந்த இழுப்போடு.

“நாலு பேரும் வந்தாச்சு!” என்று முன்னாலிருந்து அத்தான் சொன்னார். அவர் முதுகு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவள் திறந்த வாயை மூடாமலே திரும்பிப் பார்த்தாள். கேட் சாத்தியபடி இருந்தது. அதற்கு அப்பால் பாதை வெறுமையாக வளைந்து போனது. ஒருவரும் இல்லை. கேட்டின் மேல்கட்டை நெடுக மழைத்துளிகள் மணி கோத்ததுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் மட்டும் துளியே இல்லை, துடைத்துவிட்டாற்போல. அதன் பக்கத்தில் இன்னோர் உள்ளங்கை அகலம். சற்றுத் தள்ளி, அதேபோல் இன்னும் இரண்டு.

நாலு கை. கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எப்படியோ அப்படி.

அவள் கொண்டியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

விரைந்து நடந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள். “அத்தான்,” என்றாள், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. “இப்ப நான் கூப்பிட்டது கேட்டுதா?”

“கேக்காம? காது கிழிஞ்சுபோச்சு.”

“பள்ளத்தாக்குல அப்படித்தான்” என்றார் கம்பவுண்டர். “எதிரொலிக்கும்.”

எதிரொலி குரலுக்குப் பின்னால்தானே வரும். அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா பயந்துவிடுவாள், பயந்தால் கால் தடுமாறும். போனை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. திரும்பிப் போக வழியில்லை, முன்னால் மூன்று கேட்.

ஐந்தாவது கேட்டில் அவள் சாத்தும்போதே கூவிவிட்டாள். கொண்டி விழுவதும் குரல் எழுவதும் ஒன்றாக நடந்தன. பதில் வந்தது. பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. நாம்தான் எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைத்தாள். ராத்திரி முழுக்கத் தைத்துவிட்டுப் படுத்தால் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்குமே, அதுபோல.

பிறகு அடிச்சத்தம் ஆரம்பித்தது.

அது தனியாகக் கேட்கவில்லை. அவர்களுடைய நடைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வந்தது. ஈர இலைமேல் நாலு பேர் நடக்கும் சளக் சளக்கில் அதுவும் ஒன்றாகக் கலந்திருந்தது. அத்தான் ஷூ நாடாவைக் கட்ட நின்றபோது நாலு பேரும் நின்றார்கள். அவர்கள் நின்ற பிறகு ஒரு சளக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு சளக்.

கூடவே ஒரு வாடை. காடு வாசம் அடிக்கும், சேறு வாசம் அடிக்கும், அது வேறு. வருஷக்கணக்காகத் திறக்காத பெட்டியிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, பிரித்துத் தரச் சொல்லி அவளிடம் யாராவது கொண்டுவருவார்கள். பிரிக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து வருமே, உடம்பு இல்லாத உடம்பு வாடை. அது அவள் பிடரியில், சூடில்லாத மூச்சுபோல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. அக்காவுக்கு ஆபரேஷன் ஆனபோது பதினாறு ராத்திரி ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவள். ஆனாலும் பயம் ஒரு மனுஷியை அவளுக்கே தெரியாத ஒருத்தியாக்கிவிடுகிறது. ஆறாவது கேட் பனிக்குள்ளிருந்து கறுப்பாக எழுந்து வந்தபோது, கடைசியில் நிற்பதை இன்னொரு தடவை தன்னால் தாங்க முடியாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அக்கா,” என்றாள். “இந்தக் கேட்ட நீ சாத்திட்டு வர்றியா? கை வலிக்குது.”

“அடேங்கப்பா. எனக்குக் கண்டக்டர் வேலையா?” அக்காவுக்கு நிஜமாகவே சந்தோஷம். ஐந்து மாதமாக எல்லோரும் அவளைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். “போ போ. நான் சாத்திட்டு வரேன். உங்க அத்தான் பிரமோஷன் குடுத்தாத்தான் ஏத்துக்குவேன்னு சொல்லு.”

அவள் அக்காவைத் தாண்டி கேட்டுக்குள் புகுந்தாள். நடந்தாள். ஐந்து அடி. பத்து அடி. நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால் நிற்கவில்லை. பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது, அவளும் வளைந்தாள்.

மொத். ணங்.

“சாத்தியாச்சு!” என்றது அக்காவின் குரல்.

“அட, யாரு இது புதுக் கண்டக்டர்!” என்று முன்னாலிருந்து அத்தானின் குரல் குதித்தது. “நாலு பேரும் வந்தாச்சு!”

டக். டக். டக். கைத்தடி பாறையைச் சுற்றி வந்தது. அவள் மூச்சை விட்டாள். அழுகை வரும்போல இருந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, மரங்களின் நிறம் போய் வடிவம் மட்டும் மிச்சமிருந்தது. பின்னால் அந்தத் தடிச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டது.

“முட்டி எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“வலிக்கலையா?”

“இல்லையே.”

ஐந்து மாதத்தில் அக்கா ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. அக்காவிடம் முட்டியைப் பற்றிக் கேட்டால் கால் மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததில் இளகியிருக்கும், என்று நினைத்தாள். அந்த வாடை போகவில்லை. பக்கத்தில் வந்திருந்தது.

பாதை திறந்தது. சரிவின் கீழே ஏழாவது கேட். அதற்கு அப்பால் சரளைக்கல் போட்ட மேடு, அதன்மேல் கம்பவுண்டரின் வெள்ளைக் கார். வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சம் அந்த வெட்டவெளியில் விழுந்துகிடந்தது. அத்தானும் கம்பவுண்டரும் ஏற்கெனவே கேட்டைத் தாண்டி, எதற்கோ வாதாடிக்கொண்டே காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “போக்கா.”

அக்கா அவளைத் தாண்டிப் போனாள். வெளிச்சத்துக்குள்.

தையற்காரியின் கண் முகத்துக்கு முன்னால் துணியைத்தான் பார்க்கும். பழுப்புக் கோட்டு. ஆறு பொத்தான். நாலாவது மட்டும் வேறு நிறம். எல்லாம் சரி. ஆனால் அவள் அந்தக் கோட்டை வலது பக்கம் மேலே வருகிற மாதிரி வெட்டியிருந்தாள், பொத்தான் இடது பக்கம். பெண்களுக்குத் தைப்பது அப்படித்தான்.

இந்தக் கோட்டில் இடது பக்கம் மேலே இருந்தது. பொத்தான்கள் வலது பக்கம்.

தடி இடது கையில்.

அது சாய்த்துச் சாய்த்து வைத்த கால் வலது கால்.

அது திரும்பி, அக்காவின் முகத்தால் அவளைப் பார்த்தது. அன்பாகத்தான் பார்த்தது. “சாத்து” என்றது. “சாத்திட்டு வா.” என்றுவிட்டுக் காரை நோக்கி நடந்தது. டக். டக்.

அப்போதுதான் பள்ளத்தாக்குக்குள்ளிருந்து, மிக மெல்லியதாக, ஆற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் அந்தக் குரல் கேட்டது.

“ஏய்... இருடி... நான் இன்னும் வரலடி...”

அவள் கை கேட்டின் மேல் இருந்தது. சாத்தினால் போதும். நாலு அடி ஓடினால் கார். “ஒரு பொத்தான்கூடக் குறையாம” என்று சொல்லிவிட்டு வந்த அந்த வாசற்படி அவள் கண்முன் வந்தது.

ஒரு பெரிய கல்லைப் புரட்டிக் கேட்டுக்கு அண்டை கொடுத்தாள். சாத்த முடியாதபடி. பிறகு வந்த வழியே ஓடினாள்.

முகத்தில் கிளை அடித்தது. ஷூ வழுக்கியது. சளக் சளக் சளக். தன் அடிச்சத்தம்தானா? எண்ணவில்லை. பாறை. வளைவு. ஆறாவது கேட் சாத்தியபடி இருக்க, அதற்கு அந்தப் பக்கத்தில் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தாள்.

“நான் உள்ள வர்றதுக்குள்ள சாத்திக்கிச்சுடி. கொண்டி தூக்க வரல. உங்களக் கூப்பிடலாம்னு வாயத் திறக்கறேன், என் குரல்லயே யாரோ...”

இந்தப் பக்கத்திலிருந்து கொண்டி இறகுபோல எழும்பியது. அவள் அக்காவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சூடாக இருந்தாள். விக்ஸ் வாசம் அடித்தது. இருட்டிக்கொண்டு வந்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் விரல்களால் கோட்டைத் தடவினாள். வலது பக்கம் மேலே. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது, விளிம்பு கொஞ்சம் கூர்மையானது. ஐந்து. ஆறு.

“என்னடி தடவற?”

“ஒண்ணுமில்ல. நட. முட்டி வலிக்குதா?”

“உயிர் போகுதுடி.”

அந்த வார்த்தையைக் கேட்டு அவள் அக்காவின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, பாதி தூக்கியபடியே நடந்தாள். ஆறாவது கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருந்து எதுவும் வரவில்லை. சொட்டுச் சத்தம்கூட இல்லை. வளைவு. பாறை. சரிவு. மரங்களுக்கு நடுவே காரின் விளக்கு எரிவது தெரிந்தது.

“அதோ பாருக்கா. கேட்டு திறந்துதான் இருக்கு. கல்லு வச்சிட்டு வந்தேன். அதோ...”

கேட் சாத்தியிருந்தது.

கல், பாதை ஓரத்தில், யார் காலிலும் இடறாதபடி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கொண்டியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, காரைப் பார்த்து, கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துக் கூவினாள்.

“சாத்தியாச்சு!”

“நாலு பேரும் வந்தாச்சு!” என்றார் அத்தான், காருக்குள்ளிருந்து.

“அத்தான்!” அவள் ஓடினாள். “அத்தான்! அது நாங்க இல்ல! அத்தான்!” அக்காவும் கூவினாள், முப்பது வருஷமாக அவரைக் கூப்பிடுகிற விதத்தில், “என்னங்க! இங்க பாருங்க! என்னங்க!”

கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

அவர்கள் கேட்டின்மேல் வந்து மோதினார்கள். கட்டையை அறைந்தார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த அத்தானின் தலை நின்றது. மெதுவாகத் திரும்பியது. பின்னால் பார்க்காத அந்த மனுஷர், காரின் பின்கண்ணாடி வழியாக, கேட்டில் தொங்கிக் கதறும் இரண்டு பெண்களைப் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். பிறகு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் தன் மனைவியைப் பார்த்தார்.

உள்விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அவர் முகம் சுருங்குவது தெரிந்தது. வாய் கோணியது. பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு, இதமாக, அவர் தோளைத் தட்டியது. போகலாம்.

சரளைக்கல் தெறித்தது. பேயைக் கண்டவன் வண்டியை எப்படி எடுப்பானோ அப்படி எடுத்தார். பின்கண்ணாடியில் இரண்டு முகங்கள் அவர்களையே பார்த்துக்கொண்டு போயின. சிவப்பு விளக்குகள் மேட்டில் ஏறின. திரும்பின. இல்லை.

அவள் கட்டையின் மேலாகக் கையை விட்டுக் கொண்டியைத் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள். கல்லில் செதுக்கியதுபோல் இருந்தது. ஏறிக் குதிக்கலாம் என்று கீழ்க்கட்டையில் கால் வைத்தாள். அக்காவின் கை அவள் கோட்டைப் பற்றியது. அந்த முட்டியோடு அக்கா எங்கே ஏறுவாள்? அவள் காலைக் கீழே இறக்கினாள்.

“ஏய்,” என்றாள் அக்கா, குரலே இல்லாமல். “வரும்போது... அந்தக் கேட்ட சாத்துனியா?”

ஆறாவது கேட்டை அவர்கள் சாத்தவில்லை.

மொத். ணங்.

பள்ளத்தாக்கு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் அக்காவின் பக்கத்தில் நெருங்கி நின்றாள். இருவரின் நாலு கைகளும் ஏழாவது கேட்டின் மேல்கட்டையில், பக்கத்தில் பக்கத்தில், மழைத்துளிகளை அழித்துக்கொண்டு இறுகியிருந்தன.

“சாத்தியாச்சு” என்றது ஒரு குரல், பாறைக்கு அப்பாலிருந்து. அவசரமில்லாத குரல். அவர்களில் யாருடையதும் இல்லாத குரல்.

இப்போது முன்னால் நிற்கிறவர்கள் அவர்கள்தான். பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். பழக்கதோஷத்தில் அக்காவின் உதடு பிரிவதை உணர்ந்து, அவள் அக்காவின் வாயை இறுகப் பொத்தினாள். மற்றொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருட்டில் அது காத்திருந்தது. பிறகு, சளக்.